வால்கிரைண்ட்: நான் சப்ரஸ் பண்ணிய அந்த 320 பைட்

மெமரி லீக் (புரோகிராம் வாங்கித் திருப்பித் தராத மெமரி) தேட வால்கிரைண்டைப் பல வருடமாக ஓட்டுகிறேன். 2002-ல் வந்த கருவி, இலவசம், புரோகிராமைத் திரும்ப கம்பைல் செய்யத் தேவையில்லை. ஒரே த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலைச் சரடு) என்றால் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. த்ரெட் பெருகினால்தான் சிக்கல்.

20, 30 மடங்கு வேகம் குறையும் என்று அதன் கையேடே சொல்கிறது. அதோடு, மெஷினில் 16 கோர் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டைத்தான் ஓடவிடும். மீதி 15-ம் வேடிக்கை பார்க்கும். இரண்டு த்ரெட் முட்டினால் மட்டும் வரும் லீக் இதில் தலையே காட்டாமல் போகலாம்.

நான் ஏமாந்தது வேறு இடத்தில். ரிப்போர்ட்டில் எப்போதும் 'பாசிப்ளி லாஸ்ட் (தொலைந்திருக்கலாம்), 320 பைட்' என்று ஒன்று வரும். அடியில் மெமரி வாங்கும் காலாக், அதற்குக் கீழே த்ரெட் உருவாக்கும் பித்ரெட் கிரியேட். வாங்கிய மெமரித் துண்டின், அதாவது பிளாக்கின், தொடக்கத்தைச் சுட்டும் பாயின்டர் (முகவரி) கிடைக்காமல், நடுவில் சுட்டுவது மட்டும் கிடைத்தால் இப்படிச் சொல்லும். புரோகிராம் முடியும்போது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட்டுக்கும் இதே வரும் என்பதால், 'இதைக் காட்டாதே' என்று சொல்லும் சப்ரஷன் ஃபைலில் தள்ளிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

சர்வரோ சில நாளுக்கு ஒருமுறை புது த்ரெட் உருவாக்க முடியாமல் விழுந்துகொண்டிருந்தது. சப்ரஷனை எடுத்துவிட்டு 100 கனெக்‌ஷன் அனுப்பினேன்: 100 பிளாக், 32,000 பைட். 200 அனுப்பினால் 200 பிளாக். வேலை முடிந்த த்ரெட்டை யாரும் ஜாயினும் செய்யவில்லை (முடியும்வரை காத்திருந்து விடுவிப்பது), டிடாச்சும் செய்யவில்லை (முடிந்ததும் தானே விடுபடட்டும் என்று விடுவது). அந்த யாரும் நான்தான். 320 பைட் வெறும் வால். ஒவ்வொன்றின் பின்னாலும் 8 எம்பி ஸ்டேக்குக்கான (த்ரெட்டின் சொந்த வேலை மெமரி) முகவரி இடம் அடைபட்டுக் கிடந்தது. ஸ்டேக், சிஸ்டத்திடம் நேரடியாக மெமரி வாங்கும் எம்மேப் வழியாக வருவதால், வால்கிரைண்டுக்குள் லீக் தேடும் மெம்செக்கின் கணக்கில் அது சேராது. இதை ரிப்போர்ட்டில் ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம், கோபம் எனக்கு இன்னும் உண்டு.

அதே புரோகிராமை, த்ரெட் பிழை தேடும் த்ரெட் சானிடைசரோடு கட்டி ஓட்டினேன். 'த்ரெட் லீக்' என்று பெயர் சொல்லியே திட்டியது. ஆனால் அதற்குத் தனி பில்ட் வேண்டும், மெமரி பிழை தேடும் அட்ரஸ் சானிடைசரோடு ஒரே பைனரியில் சேராது.

பித்ரெட் டிடாச் என்று ஒரு வரி சேர்த்ததும் 200 பிளாக்கும் காணோம். வால்கிரைண்டுக்கு ஐந்தில் நாலு தருகிறேன். சப்ரஷன் ஃபைலில் இன்னும் பதினோரு வரி பாக்கி இருக்கிறது. நாளைக்கு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும்.