பனி வராவிட்டாலும் வீணாகாத மலை எது?

ஏற்காட்டில் பனி என்றால் மார்கழி விடியலில் காபித் தோட்டத்தின் மேல் இறங்கி நிற்கும் மூட்டம். மஃப்ளர் கட்டிக்கொண்டு ஏரிக்கரையில் சூடாக ஒரு டீ குடித்தால் தீர்ந்தது. மச்சான் கேட்ட பனி அதுவல்ல. "பசங்களுக்கு ஒருதடவை பனிச்சறுக்கு காட்டணும் மாப்ள, அரையாண்டு லீவுல போயிட்டு வந்துடலாம்" என்றார். சிம்லா, ஔலி, குல்மார்க், மணாலி என்று நான்கு பெயர்களையும் எழுதி வைத்திருந்தார்.

அரையாண்டு லீவு என்பதிலேயே பாதி சிக்கல். டிசம்பர் கடைசியில் இமயமலையின் தாழ்ந்த இடங்களில் பனி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அங்கே பனியைக் கொண்டுவருவது மத்தியதரைக் கடல் பக்கமிருந்து அலை அலையாக வரும், 'மேற்கத்திய இடையூறுகள்' எனப்படும் காற்றழுத்தத் தாழ்வுகள். நாம் வங்கக் கடலில் தாழ்வு உருவாகுமா என்று பார்த்துக் கிடப்பதைப் போலத்தான் அவர்களும் அதற்குக் காத்திருக்கிறார்கள். ஒன்று நன்றாக வந்தால் இரண்டு நாளில் ஊரே வெள்ளை. வராவிட்டால் மாதம் முழுக்கக் காய்ந்த புல். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்களே, அந்தக் கணக்கு அங்கேயும் ஏறக்குறைய பொருந்துகிறது. ஜனவரி பாதிக்கு மேல் பிப்ரவரி வரைதான் ஓரளவு நம்பலாம்.

அடுத்தது உயரம். சேலம் 278 மீட்டர், ஏற்காடு சுமார் 1,515. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பதால், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் எட்டு டிகிரி குளிர்ந்துவிடுகிறது. சிம்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் குஃப்ரி ஏறக்குறைய 2,700 மீட்டர். குல்மார்க்கில் கோண்டோலா என்கிற ரோப் கார் கொண்டுபோய் விடும் அஃபர்வாட் மலைச் சரிவு 3,950-ஐ ஒட்டி. அதாவது சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உள்ள அதே ஏற்றம்! ஒரே மேகம் அஃபர்வாட்டில் பனியாகக் கொட்டிவிட்டு, குஃப்ரி உயரத்தில் வெறும் மழையாகப் பெய்துவிட்டுப் போக இந்த எட்டு டிகிரி போதும்.

குஃப்ரியை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருஷங்களுக்கு முன்னால் டிசம்பர் கடைசி வாரம். வழியில் ஒரு கடையில் வண்டியை நிறுத்தினார் டிரைவர். மேலே முழங்கால் வரைக்கும் பனி என்று கடைக்காரர் சொன்னார். ஐந்து பேருக்கும் கோட்டும் கம்பூட்டும் வாடகைக்கு எடுத்தோம். மேலே போனால் சேறு, குதிரைச் சாணம், குதிரைக்கு வரிசை. நிழல் விழும் ஒரு மூலையில் மட்டும் உப்புக் குவியல் மாதிரி அழுக்கான பனி கொஞ்சம் கிடந்தது. அதைச் சுற்றி நாற்பது பேர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மகள் தொட்டுப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டு ஃப்ரீசர்ல இருக்கறதே தேவலப்பா" என்றாள்.

ஆனால் சிம்லாவை அப்படியே தள்ளிவிடவும் மனசில்லை. அங்கே லக்கர் பஜார் பக்கம் 1920-லிருந்து ஒரு பனித்தளம் இருக்கிறது. தண்ணீரை ஊற்றி, இரவுக் குளிரில் தானாக உறையவிட்டு, காலையில் அதன் மேல் ஸ்கேட்டிங். இதில் ஒரு வேடிக்கை: பனி பொழியாமல் வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில்தான் தளம் நன்றாக உறையும். சறுக்குச் சரிவுக்கு ஏமாற்றமான வாரம் ஸ்கேட்டிங்குக்கு நல்ல வாரம். சிம்லாதான் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால் நான் இதைத்தான் காட்டுவேன், குஃப்ரியை அல்ல. இன்னும் உள்ளே இருக்கும் நார்கண்டாவும் கிட்டத்தட்ட குஃப்ரி உயரம்தான், கூட்டம் மட்டும் குறைவு.

உத்தராகண்டில் இருக்கும் ஔலி பெரிய பெயர். 2011-இல் தெற்காசிய குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் அங்கே நடந்தன. அதற்காகச் செயற்கைப் பனி பொழியும் இயந்திரங்களும் வைத்தார்கள். இயந்திரம் இருக்கிறதே, அப்புறம் என்ன கவலை என்றார் மச்சான். தண்ணீரைத் தூவலாகப் பீய்ச்சிப் பனியாக்க, காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஈரக்குமிழ் வெப்பநிலை சுழியத்துக்கும் இரண்டு டிகிரி கீழே போக வேண்டும். குளிர் குறைந்த வருஷத்தில் வானமும் தராது, இயந்திரமும் தராது. தவிர, கீழே இருக்கும் ஜோஷிமட் ஊரிலிருந்து ஔலிக்கு ஏறும் நாலு கிலோமீட்டர் ரோப் கார், 2023 ஜனவரியில் ஊரில் நிலம் அமிழ்ந்து வீடுகள் விரிசல் விட்டபோது நிறுத்தப்பட்டது. கார்வால் மண்டல வளர்ச்சிக் கழகம் நடத்தும் ஏழு நாள், பதினாலு நாள் பயிற்சி வகுப்புகள் நல்லவை. கல்லூரிப் பையன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பலாம். ரிஷிகேஷிலிருந்து ஒரு முழுப் பகல் மலைச்சாலை என்பதால் நம் வீட்டு ஏழு வயதுப் பையனுக்கு வேண்டாம். ஏற்காடு ஏறும்போதே பன்னிரண்டாம் வளைவில் வாந்தி எடுப்பவன் அவன்.

குல்மார்க் மேலே இருக்கிறது, பெரியது, கோண்டோலா இருக்கிறது. பனிக்கு நாட்டிலேயே அதுதான் முதலிடம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் 2024 ஜனவரியில் பாதி மாதம் போயும் அடிவாரப் புல்வெளி பழுப்பாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. புதிதாகக் கற்பவர்கள் சறுக்குவது 2,650 மீட்டர் அடிவாரத்தில்தான். அஃபர்வாட்டில் பனி மலையாகக் குவிந்திருந்தாலும் அந்தச் சரிவு தேர்ந்தவர்களுக்கானது, நம் குழந்தைகள் அங்கே நின்று பார்க்கலாம், பனிப்பந்து எறியலாம், அவ்வளவுதான். காற்றும் பனிச்சரிவு அபாயமும் இருந்தால் இரண்டாம் கட்ட கோண்டோலாவை நிறுத்திவிடுவார்கள். போகும் வழி மட்டும் இப்போது எளிதாகியிருக்கிறது: வாரம் ஒருமுறை ஓடும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் சேலம் வழியாகவே ஜம்மு பக்கத்துக் கத்ராவுக்குப் போகிறது, அங்கிருந்து 2025 ஜூன் முதல் ஸ்ரீநகருக்கு ரயில் உண்டு. ரயிலில் இரண்டு இரவுக்கு மேல் உட்காரத் தெம்பு வேண்டும். மாமியார் காஷ்மீர் என்றதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார், அது தனிக் கதை.

மணாலிக்குப் பக்கத்துச் சோலாங் 2,560 மீட்டர், நான்கிலும் தாழ்ந்தவற்றில் ஒன்று. கணக்குப்படி இதைத்தான் முதலில் அடிக்க வேண்டும். ஆனால் 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கம் கணக்கை மாற்றிவிட்டது. ஒன்பது கிலோமீட்டர் சுரங்கத்தைத் தாண்டினால் 3,100 மீட்டரை ஒட்டிய லாஹௌல் பள்ளத்தாக்கு, சிஸ்ஸு கிராமம். சோலாங்கில் புல் தெரிந்தால், சிஸ்ஸு திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் காலையில் கிளம்பி அங்கே போய்ப் பனியில் உருண்டுவிட்டு மாலைக்குள் திரும்பலாம். ஒரே அறை, இரண்டு உயரம். இந்த வசதி மற்ற மூன்றிலும் குழந்தைகளுக்கு இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. சிஸ்ஸுவில் முறையான சறுக்குப் பள்ளியை எதிர்பார்க்க வேண்டாம். சறுக்குப் பலகை, டியூப், பனிப்பந்து, அதுவே ஏழு வயதுக்கு அதிகம்.

தொல்லை எதிர்ப்பக்கமும் வரும். 2024 டிசம்பர் கடைசியில் திடீரென்று கொட்டிய பனியில் சோலாங்குக்கும் சுரங்கத்துக்கும் நடுவே நூற்றுக்கணக்கான வண்டிகள் மாட்டிக்கொண்டன. பனி விழுந்த சாலையில் ஓட்டிப் பழகிய உள்ளூர் டிரைவரை வைத்துக்கொண்டால் போதும், பெங்களூரிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு போகும் வீரம் வேண்டாம்.

ஆகவே என் வாக்கு மணாலிக்கு, அதுவும் அரையாண்டு லீவில் அல்ல, பொங்கல் முடிந்த கையோடு. பெங்களூர் வழியாகச் சண்டிகருக்கு விமானம், அப்புறம் ஒரு பகல் சாலை. அறையைக் கடைசி நேரத்தில் ரத்து செய்ய முடிகிற இடமாகப் பார்த்தால் ஐந்து நாள் முன்னால் வானிலை அறிக்கை பார்த்து முடிவு செய்யலாம். கோட்டை வழியில் வாடகைக்கு எடுக்காதீர்கள், மேலே போய்ப் பனியைக் கண்ணால் பார்த்த பிறகு எடுங்கள். மச்சான் எல்லாவற்றுக்கும் சரி என்றுவிட்டார். பொங்கல் லீவைத் தாண்டி நாலு நாள் பள்ளிக்கு லெட்டர் எழுதித் தருவது யார் என்பதில்தான் இப்போது பேச்சு நிற்கிறது. அவர் என்னைக் காட்டுகிறார், நான் அவர் தங்கையைக் காட்டுகிறேன்.