அம்மம்மாவின் கல்வெட்டை அச்சகத்தில் கொடுக்குமுன்

செத்தவீட்டு அறிவித்தலை அரை நாளில் அடித்து வாங்கிவிடலாம். 31ஆம் நாள் வீட்டுக்கிருத்தியத்துக்கு வந்தவர்களின் கையில் கொடுக்கும் நினைவு மலருக்கு, அதாவது கல்வெட்டுக்கு, அந்த அவசரம் ஆகாது. திருகோணமலை நகர அச்சகங்களில் இந்த வேலை எப்படி என்று கேட்டால், தாள் சரி, கட்டு சரி, சொன்ன நாளுக்கும் வந்துவிடும். ஆள்தான் இல்லை. யாருக்காக அடிக்கிறோமோ அந்த அம்மம்மா மலருக்குள் இருப்பதில்லை. இதில் பாதிப் பிழை அச்சகத்தினுடையது, மீதி கொடுக்கிறவர்களுடையது.

வழமையான அமைப்பு ஏ5 அளவு, 250 ஜி.எஸ்.எம். (தாளின் கன அளவு) ஆர்ட் அட்டை, உள்ளே 80 அல்லது 100 ஜி.எஸ்.எம். தாள், நடு மடிப்பில் இரண்டு கம்பி. பக்கங்கள் நான்கின் மடங்காகத்தான் வரும். 21 பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தால் 24க்குக் காசு போகும். சிவபுராணம் 95 அடி, அதுவே மூன்று நான்கு பக்கம் பிடிக்கும். அதோடு கோணேசர் பதிகமும் மற்றத் திருமுறைகளும் சேர, வாழ்க்கை வரலாற்றுக்கு ஒன்றரைப் பக்கம் மிஞ்சினால் பெரிய காரியம். பக்கக் கணக்கை முதலிலேயே பேசி, அவருக்கென்று குறைந்தது நான்கு பக்கத்தை ஒதுக்கச் சொல்லுங்கள். இருநூறு பிரதிக்கு டிஜிட்டல் அச்சுப் போதும். ஐந்நூறைத் தாண்டினால் தகடு செய்து அடிக்கும் ஓப்செற் விலையையும் கேட்டுப் பாருங்கள்.

கோளாறு தொடங்குவது அந்த வரலாற்றுப் பக்கத்தில். அச்சகக் கணினியில் ஆயத்தமாக ஒரு வார்ப்பு இருக்கும்: கடல் வளம் நிறைந்த ஊரில் பிறந்து, பண்போடு வளர்ந்து, இல்லறத்தை நல்லறமாக நடத்தி... பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். திருக்கடலூர், சல்லி போன்ற கடற்கரை ஊரில் நாற்பது வருடம் மீனோடு மல்லுக்கட்டிய மனுஷியும் அதில் ‘இல்லத்தரசி’தான். அவர் செய்த தொழிலுக்கு அந்த வார்ப்பில் இடமே கிடையாது.

ஆகவே எழுத்தை நீங்களே கொண்டுபோக வேண்டும், அதுவும் அளவோடு. கருவாடு போட்டவர் என்றால் எப்படிப் போட்டார் என்று எழுதுங்கள். மூன்று நான்கு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு. பாரை மீனை முதுகால் பிளந்து, சதையைக் கீறி, கீறலுக்குள் உப்பைத் தேய்த்து, தொட்டியில் அடுக்கடுக்காகப் போட்டு, மறுநாள் கழுவி வெயிலுக்கு. மணலில் காயவிட்டால் பல்லில் கரகரக்கும். தட்டியில் போட்டால் கீழாலும் காற்றுப் படும். உப்புக் குறைந்தாலோ மூடிய வானத்தில் காயவைத்தாலோ புழு வைக்கும். இந்த நாலு வரி ‘அயராத உழைப்பாளி’யைவிட ஆளைக் காட்டும். வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கிற கார்த்திகை, மார்கழியில் அடுப்பு எதனால் எரிந்தது? சேர்த்து வைத்த கருவாட்டாலா, சீட்டுக் காசாலா? அதையும் எழுதலாம். ‘நாட்டு நிலைமை காரணமாக இடம்பெயர்ந்து’ என்ற தொடரை வெட்டிவிட்டு, 1990இல் எந்த முகாம், 2006இல் மூதூரை விட்டு எந்த வழி என்று போடுங்கள்.

பிறந்த திகதி அடுத்த சிக்கல். பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதில் 500 கூட்டியிருக்கும். 38622 என்று தொடங்கினால் 1938, 122ஆம் நாள். எந்த ஆண்டுக்கும் பெப்ரவரியை 29 நாளாகவே எண்ணுவார்கள் என்பதால் அது மே 1. ஆனால் அந்தக் காலத்தவர் பலருக்கு அட்டையிலேயே உத்தேசத் திகதி. ஒத்துப்பார்க்க ஊர் நினைவு உண்டு: 1942 ஏப்ரல் 9 யப்பான்காரன் குண்டு போட்டபோது நடக்கிற பிள்ளையா, 1964 டிசம்பர்ப் புயலின்போது கையில் எந்தப் பிள்ளை? மூத்த சகோதரங்கள் யாராவது இருந்தால் இப்படிக் கேளுங்கள். ஆண்டைக் கேட்டால் விழிப்பார்கள்.

படத்தில் அச்சகங்கள் கெட்டிக்காரர், அளவுக்கு மிஞ்சிய கெட்டிக்காரர். முகத்தை மினுக்கிச் சுருக்கத்தை அழிப்பார்கள், அதோடு மூக்குத்தியும் போகும். தலையை வெட்டி வேறொரு பட்டுச் சேலை உடம்பில் வைப்பதும் உண்டு. ‘கீறலையும் கறையையும் மட்டும் எடுங்கள்’ என்று எழுதிக் கொடுங்கள். 2004 சுனாமியோடு அல்பங்கள் போன வீடுகளில் கடவுச்சீட்டு அளவுப் படம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும். அதை 1200 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் முழுப் பக்கத்துக்கு ஏறக்குறையத் தாங்கும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டொக்கியூமென்டாக அனுப்புங்கள்.

இறந்த ஆண்டையும் திதியையும் பாட்டாகச் சொல்லும் திதி வெண்பாவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய வெண்பாவில் பெயரையும் திதியையும் மாற்றிச் செருகினால் தளை தட்டும், ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் எதிலும் முடியாது. ஆண்டுப் பெயரும் தவறும்: 2025 மார்ச்சில் இறந்தவருக்கு ஆண்டு குரோதி, விசுவாவசு அல்ல, ஏனென்றால் சித்திரைப் பிறப்பு இன்னும் வரவில்லை. வாக்கியமா திருக்கணிதமா என்று ஐயரிடம் கேட்டு, அந்தப் பஞ்சாங்கத்தையே பிடியுங்கள்.

ஒப்புநோக்கலை ஒருவரிடம் விடாதீர்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து யுனிகோட்டுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். கணினித் திரையில் தப்புவது தாளில் தெரியும், ஆகவே அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் பட்டியலை ஒவ்வொரு பிள்ளையின் வீட்டாரும் தனித்தனியே பார்க்க வேண்டும். விடுபட்ட பெயரால் வரும் கோபம் ஆட்டைத் திவசம் வரை நிற்கும். 12ஆம் நாளுக்குள் எழுத்தும் படமும், 18இல் முதல் ஒப்புநோக்கல், 22இல் இரண்டாவது, 27இல் பிரதிகள் கையில் என்றால் மூச்சு விடலாம்.

கடைசியாக அந்தக் கம்பி. கடற்கரை வீட்டு உப்புக்காற்றில் அது துருப்பிடித்து நடுப்பக்கத்தில் மஞ்சள் கறை இறங்கும், பெரும்பாலும் படம் போட்ட பக்கத்திலேயே. வீட்டில் வைத்திருக்கப் பத்துப் பிரதியை மட்டும் கம்பியில்லாமல் வாங்கி, வெள்ளைப் பருத்தி நூலால் மூன்று துளையில் தைத்துவிடுங்கள்.