மழையில் எடை இழக்கும் அஸ்திவாரம்: ஷெட்டுக்கு எது சரி?

"ஷெட்டுதானே சார், வெயிட்டே கிடையாது. சின்ன பூட்டிங் போதும்." அம்பத்தூர் சைட் ஒன்றில் மேஸ்திரி என்னிடம் சொன்னது இது. வெயிட் இல்லை என்பதுதான் சிக்கலே. வீட்டு அஸ்திவாரத்துக்குக் கட்டடம் கீழே இறங்கிவிடுமோ என்று கவலை. இரும்பு ஷெட்டின் அஸ்திவாரத்துக்கோ, காற்று மேலே பிடுங்கிவிடுமோ என்று கவலை.

கட்டடங்கள் தாங்கவேண்டிய காற்று விசைக்கான இந்தியத் தர விதிநூல் ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி. அது சென்னைக்குக் கொடுக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் தொழிற்கூடம் என்றால் புயலுக்காக 1.15 மடங்கு வேறு. இதில் ரோலிங் ஷட்டர் பிய்த்துக்கொண்டு போனால் காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்தும் தள்ளும்.

ஒரு தூணின் பங்கில் 75 சதுர மீட்டர் கூரை, அதன் எடையைக் கழித்தபிறகும் 10 டன் மேல்நோக்கி இழுக்கிறது என்று வைப்போம். ஒன்றரை மடங்கு பாதுகாப்பு சேர்த்தால் 15 டன் பிடிமானம் வேண்டும்.

முதலில், எல்லோரும் போடும் அகல பூட்டிங், அதாவது தூணுக்கு அடியில் மண்ணுக்குள் போடும் கான்கிரீட் பீடம். 2.4 மீட்டர் சதுரம், அரை மீட்டர் கனம், மேலே ஒன்றரை மீட்டர் மண். கான்கிரீட் 7 டன், மண் 15 டன் என மொத்தம் 22 டன் வருகிறது. விலையும் குறைவு, ஜேசிபி இருந்தால் போதும். மே மாதத்தில் இது அருமையான டிசைன்.

ஆனால் புயல் மே மாதத்துக்காகக் காத்திருப்பதில்லை. வர்தா வந்தது 2016 டிசம்பர் 12. மிக்ஜாம் 2023 டிசம்பரில் வந்து ஊரையே மூழ்கடித்தது. பெருங்காற்று வீசும் மாதமும் நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும் மாதமும் இங்கே ஒன்றுதான். தண்ணீர் தரைமட்டத்துக்கு வந்துவிட்டால், மூழ்கிய பொருளை அது மேலே தள்ளுவதால், அதே கான்கிரீட் 4 டன்னாகவும் மண் 8 டன்னுக்குள்ளாகவும் சுருங்கிவிடும். ஆக மொத்தம் 12 டன், தேவையோ 15. கோடையில் எடுத்த மண் பரிசோதனை அறிக்கையில் 'தண்ணீர் தென்படவில்லை' என்று இருப்பதை நம்பிக் கணக்குப் போடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். போதாததற்கு அந்த மண்ணைத் திமிசு போட்டு இறுக்காமல் சும்மா தள்ளி மூடியிருப்பார்கள்.

இரண்டாவது, மண்ணை நம்பாமல் கான்கிரீட்டையே கட்டியாகக் கொட்டுவது. காய்ந்த நிலத்தில் 6 கன மீட்டர் போதும். தண்ணீருக்குள் 10 வேண்டும். கணக்கு எளிது, காசு வலிக்கும். நாலைந்து தூண் என்றால் சரி, நாற்பது தூணுக்கு யார் கட்டுவது?

மூன்றாவது, அண்டர்ரீம்டு பைல், அதாவது மண்ணில் ஆழமாகத் துளை போட்டு வார்க்கும், அடியில் குமிழ் வைத்த கான்கிரீட் தண்டு. குமிழின் விட்டம் தண்டைப்போல் சுமார் இரண்டரை மடங்கு. எடையால் மட்டும் இல்லாமல் மண்ணுக்குள் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு நிற்பதால், தண்ணீர் ஏறினாலும் அதன் பிடி அந்த அளவுக்குத் தளராது. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்துக் களிமண்ணில் நான் இதைத்தான் சொல்வேன், குமிழ் உட்காரும் ஆழத்தில் களி கெட்டியாக இருந்தால். ஒரு எச்சரிக்கை: கம்பிக்கூடு அடிவரை போக வேண்டும். பாரம் தாங்கும் பைல்தானே என்று பாதியில் நிறுத்திய சைட்டைப் பார்த்திருக்கிறேன். இழுக்கும்போது கம்பி இல்லாத இடத்தில் கான்கிரீட் இற்றுவிடும்.

பல்லாவரம் மாதிரிப் பாறை சீக்கிரம் கிடைக்கும் இடத்தில் இதெல்லாம் தேவையே இல்லை. பாறையில் துளை போட்டுக் கம்பியை கிரௌட் செய்து, அதாவது சிமெண்ட் கலவை ஊற்றி இறுக்கி, ஒரு கம்பியையாவது இழுத்துச் சோதித்தால் முடிந்தது.

ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கத்து மணலில் தண்ணீருக்குள் குமிழ் வெட்டினால் சரிந்து மூடிக்கொள்ளும். அங்கே நான் அகல பூட்டிங்குக்கே திரும்புவேன். ஆனால் 2.4 இல்லை, 3 மீட்டர் சதுரம். தண்ணீர் தரைமட்டத்தில் நிற்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டாலும் 19 டன்னுக்குக் கொஞ்சம்தான் குறையும்.