ஆறு வருடமாக ஃபெரிக் குளோரைடு: செம்புத் தகட்டில் கோடு அரித்த அனுபவம்

செம்பிலும் பித்தளையிலும் நுண்ணிய கொடி வேலை அரித்தெடுக்க நான் முதலில் எடுத்தது நைட்ரிக் அமிலம். வேகம் அபாரம். ஆனால் கோட்டின் மேல் குமிழ் கட்டும்; இறகால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். சற்றே சூடேறினால் கோட்டின் ஓரம் பிசிறடித்துவிடும். போதாததற்கு அந்தப் பழுப்புப் புகை. அது நைட்ரஜன் டையாக்சைடு. சுவாசித்த உடனே பெரிதாக ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். இது தெரிந்த அன்றே அதை விட்டுவிட்டேன்.

அப்புறம் ஆறு வருடமாக, செம்பை அரிக்கும் இரும்பு உப்பான ஃபெரிக் குளோரைடின் கரைசல்தான். மயிரிழைக் கோட்டுக்கு இதைவிட நல்லது எனக்குக் கிடைக்கவில்லை. குமிழ் வராது, பழுப்புப் புகையும் இல்லை. ஆனால் கரைந்த செம்போடு சேர்ந்து ஒரு வண்டல் உண்டாகும். ஆரம்பத்தில் தகட்டை வேலைப்பாடு மேலே பார்க்கும்படி வைத்தேன். வண்டல் பள்ளத்திலேயே தங்கி, பாதிக் கோடுகள் ஆழமே இல்லாமல் நின்றுவிட்டன. இப்போது பின்பக்கம் முழுக்க டேப் ஒட்டி, அதிலேயே கைப்பிடி விட்டு, வேலைப்பாடு கீழே பார்க்கும்படி தொங்கவிடுகிறேன். வண்டல் தானாக உதிர்கிறது. கொஞ்சம் சிட்ரிக் அமிலம் கலந்தால் இன்னும் சுத்தம். எடுத்துக் கழுவும்போது பழுப்புநீர் வழிந்து, கோட்டுக்குள் இளஞ்சிவப்பாகச் செம்பு தெரியும். அதைப் பார்க்க இன்றைக்கும் ஆசையாக இருக்கிறது.

ஒன்றை மறக்காதீர்கள். கோடு கீழே இறங்க இறங்க, அரிக்கக் கூடாத இடத்தைக் காக்கத் தகட்டில் பூசிய பூச்சுக்கு அடியில் பக்கவாட்டிலும் அகலும். அந்தப் பூச்சில் கோட்டை வேண்டியதைவிட மெல்லியதாகவே கீறுங்கள். குளிர்ந்த நாளில் ஒன்றரை மணி நேரம் இழுக்கும் தகடு, 40 டிகிரியில் பாதி நேரத்துக்குள் முடிந்துவிடும். தொட்டியை வெந்நீரில் வைத்துச் சூடாக்குங்கள், அடுப்பில் வேண்டாம்.

குறைகளும் உண்டு. துணியில் பட்ட கறை போகவே போகாது. அதன் ஆவி பட்டு, பக்கத்து அலமாரியில் இருந்த என் எஃகு ஊசிகள் எல்லாம் துருப்பிடித்தன. ஒருமுறை அதே தொட்டியில் அலுமினியத் துண்டைப் போட்டுவிட்டேன். சில நொடிகளில் பொங்கிக் கொதித்துத் தெறித்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். நைட்ரைல் கையுறை இதற்குப் போதும். அடர் நைட்ரிக் அமிலத்துக்கு அந்த மெல்லிய கையுறை தாங்காது. எந்த அமிலமானாலும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல.

தீர்ந்த கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அதிலுள்ள செம்பு மீன்களைக் கொல்லும். நான் பெரிய வாளியில் சலவை சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவேன். நுரை பொங்கும், பொறுமை வேண்டும். அடங்கியதும் சேறு, நீர் இரண்டையும் பிளாஸ்டிக் கேனில் அடைத்து, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுவேன்.

புதிதாக வாங்குகிறவர்கள் கரைசலாகவே வாங்குங்கள். நீரற்ற பொடி தண்ணீர் பட்டதும் கடுமையாகச் சூடேறி அமில ஆவியைக் கக்கும்.