நேர்கோட்டு வேக ஓட்டத்துக்குச் சிறிய காரின் பாடி: ஆறு ஆண்டு அனுபவம்

ஆறு ஆண்டுகளுக்கு முன் அவனியாபுரம் பக்கத்துக் காயலான் கடை ஒன்றில், எஞ்சின் கழற்றப்பட்டு நின்ற ஐந்து கதவுச் சிறிய காரின் பாடியை வாங்கினேன். அதில் 1.3 லிட்டர் எஞ்சினைப் பொருத்தி, பழைய விமான ஓடுதளங்களில் நடக்கும் நேர்கோட்டு ஓட்டங்களில் இன்றுவரை ஓட்டிவருகிறேன். வண்டியைப் பார்க்க வருபவர்கள் எஞ்சினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்குப் பணமும் பொழுதும் கரைந்ததோ பாடியின் பின்பாதியில்.

வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும், அதை வெல்லும் திறன் எட்டு மடங்கு வேண்டும் என்பதால், முகப்புப் பரப்பு (நேர் முன்னிருந்து பார்த்தால் தெரியும் பரப்பு) குறைந்த பாடியே போதும் என்று அப்போது நம்பினேன். பட்டறைச் சுவரில் கட்டம் போட்டு, வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்தி, தெருக்கோடியிலிருந்து ஜூம் செய்து எடுத்த படத்தில் மறைந்த கட்டங்களை எண்ணியபோது, அப்பாவின் அம்பாசிடர் சுமார் 2.2 சதுர மீட்டரும் சிறிய கார் 1.8 சதுர மீட்டரும் வந்தன. அத்துடன் முடிவு செய்துவிட்டேன்.

தவறு அங்கேதான். காற்று பார்ப்பது பரப்பையும் இழுவைக் கெழுவையும் (வடிவம் காற்றில் எவ்வளவு இழுபடும் என்பதைக் காட்டும் எண்) பெருக்கி வரும் எண்ணை. 1.8 பரப்புள்ள பாடியின் கெழு 0.38, 1.95 பரப்புள்ள பாடியின் கெழு 0.33 என்று வைத்துக்கொண்டால், முன்னது 0.68, பின்னது 0.64, பெரிய பாடியே வெல்கிறது. சுங்குடிக்கு முடிச்சுப் போடும் நூலைத் துண்டு துண்டாக வெட்டிக் கூரையிலும் பின்கண்ணாடியிலும் ஒட்டி ஓட்டிப் பார்த்தேன் (பக்கத்து வீட்டு அத்தை நூற்கண்டைத் திருப்பிக் கேட்டதும் இதில் சேர்த்தி). கூரையில் படிந்து ஓடிய நூல்கள் பின்கதவை அடைந்ததும் கண்டபடி சுழன்றன. செங்குத்தாக முடியும் பின்புறத்தில் காற்று பிரிந்து, அங்கே உண்டாகும் தாழ்வழுத்தம் வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. அமெரிக்காவின் பான்வில் உப்புச் சமவெளியில் வேக ஓட்டம் ஓட்டுபவர்கள் 1953ஆம் ஆண்டின் ஸ்டூடிபேக்கர் கூபே என்ற இரு கதவுக் காரை இன்றும் தேடி எடுப்பதற்கு, அதன் தாழ்ந்த கூரையும் பின்னோக்கிச் சரியும் வடிவமும் காரணம்.

இழுவையைவிட என்னைப் பயமுறுத்தியது பக்கக் காற்று. ஆடி மாதத்தில் ஒருமுறை, வேகம் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டியதும் பின்சக்கரங்கள் லேசாகி, வண்டி ஓரத்துக்கு நகர்ந்தது. அம்மி பறக்கும் காற்று என்று பாட்டி சொன்னதை அன்றுதான் முழுதாக நம்பினேன். காற்று தள்ளும் மையம், அம்பின் இறகைப் போல, எடையின் மையத்துக்குப் பின்னால் இருக்க வேண்டும். எஞ்சின் முன்னால் இருப்பது இதற்கு உதவினாலும், குட்டையான வால் அதைக் கெடுக்கிறது. டிக்கியில் மணல் மூட்டை வைத்தது பின்பக்கத்தை அழுத்தினாலும் எடை மையத்தையும் பின்னுக்குத் தள்ளியது. கூரை விளிம்பில் தகட்டை நீட்டியதுதான் ஓரளவு பலன் தந்தது, ஆனால் வெளிவடிவத்தை மாற்றக் கூடாத போட்டி வகுப்புகளில் அதற்கு இடமில்லை.

குறை மட்டும் சொல்வது நியாயமன்று. பாடி இலேசானது, உதிரிப் பாகங்கள் மலிவு, டிங்கர் வேலை தெரிந்த எவரும் தட்டி நிமிர்த்திவிடுவார். ரோல் கேஜ் (வண்டி உருண்டால் ஓட்டுபவரைக் காக்கும் குழாய்க் கூண்டு) பற்றவைத்த பின்னும் ஹெல்மெட்டுக்குக் கூரையில் இடமிருந்தது. தாழ்ந்த பாடி எடுப்பவர்கள் இருக்கையைத் தரையோடு தாழ்த்த வேண்டியிருக்கும். கதவடிப் பலகைக்குக் கீழே துரு பிடித்த இடங்களை மட்டும் மூன்று முறை வெட்டி ஒட்டினேன்.

இப்போது திருமங்கலத்தில் நிற்கும், டிக்கி நீண்ட ஒரு பழைய செடான் பாடியை நூலும் பசையுமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். விலைதான் இன்னும் படியவில்லை.