கால் போன கேஸ்ல எம்.சி.ஓ.பி போடுறதா, தொழிலாளர் இழப்பீடா, இல்ல லோக் அதாலத்துலயே முடிச்சுக்கறதா?

என் தம்பி லாரி டிரைவர், நாங்க சங்ககிரி பக்கம். எதிர்ல ஓவர்டேக் எடுத்து ராங் சைடுல வந்த லாரி கேபின்ல அடிச்சு, வலது காலை முட்டிக்குக் கீழ எடுக்க வேண்டியதாயிடுச்சு. எஃப்.ஐ.ஆர் அந்த டிரைவர் மேலதான். ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் ஆளாளுக்கு ஒரு வழி சொன்னாங்க. நாங்க கடைசில எம்.சி.ஓ.பி, அதாவது மோட்டார் விபத்து இழப்பீட்டு தீர்ப்பாயத்துல மனு போட்டு, தீர்ப்பு வரைக்கும் போனோம். இப்பவும் அதுதான் சரின்னு நினைக்கிறேன், ஏன்னு கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா இதே நிலைமையில இருக்கற குடும்பங்க எங்கிட்ட கேட்டுட்டே இருக்காங்க.

முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது, வேலை பாக்கும்போது ரோட்டுல அடிபட்ட டிரைவர், கிளீனர், லோடுமேன் இவங்களுக்கு ரெண்டு சட்டம் திறந்திருக்கு. ஒண்ணு மோட்டார் வாகனச் சட்டம் 1988, இன்னொண்ணு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923 (2025 நவம்பர் 21-ல இருந்து இதுக்குப் பதிலா வேற சட்டம் வந்துடுச்சு, நான் கீழ சொல்ற கணக்கு தம்பி கேஸ் காலத்து பழைய சட்டப்படி). ஆனா மோட்டார் வாகனச் சட்டத்தோட 167-வது பிரிவு ரெண்டுல ஒண்ணுதான்னு சொல்லுது. தொழிலாளர் இழப்பீடு கேட்டு தொழிலாளர் துணை ஆணையர் கிட்ட போய் காசு வாங்கினப்புறம் தீர்ப்பாயத்துக்கு வர முடியாது, மஸ்தான் வழக்குல உச்ச நீதிமன்றமும் இதையே சொல்லிடுச்சு. அதனால எவனோ நீட்டின பேப்பர்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி யோசிக்கணும்.

தொழிலாளர் இழப்பீட்டுல நல்லது என்னன்னா, தப்பு யார் மேலன்னு நிரூபிக்க வேண்டியதே இல்ல. வேலைல அடிபட்டா போதும். கணக்கும் அட்டவணையிலயே இருக்கு, முட்டிக்குக் கீழ எடுத்தா 50 சதவீதம், முழங்கையோட கை போனா 70, தோள்பட்டையோட போனா 90. ஒரு மாசத்துல தரலன்னா 12 சதவீதம் வட்டி. ரெண்டு வருசம் வரைக்கும் மனு போடலாம். ஆனா சம்பளத்துக்கு உச்சவரம்பு வச்சிருக்காங்க, 2020 ஜனவரியில இருந்து அது 15,000. நீங்க பேட்டாவோட சேத்து முப்பதாயிரம் வாங்கினாலும் 15,000-தான் கணக்கு. 35 வயசுன்னா, முழு ஊனத்துக்கு அந்த 15,000-ல 60 சதவீதம் 9,000, அதை அந்த வயசுக்கு அட்டவணையில இருக்கற 197.06-ஆல பெருக்கினா 17,73,540, முட்டிக்குக் கீழ 50 சதவீதம்தான்னா அதுல பாதி 8,86,770. நல்ல வக்கீலா இருந்தா கால் போனா டிரைவர் வேலையே போச்சுன்னு வாதாடி முழுசா வாங்கலாம், 2008-ல ஜனார்தன் வழக்குல முட்டி வரைக்கும் கால் போன டேங்கர் டிரைவருக்கு உச்ச நீதிமன்றம் நூறு சதவீதம்னே போட்டுருக்கு. அப்படியே முழுசா கிடைச்சாலும் 17,73,540 தான், அதுக்கு மேல ஆஸ்பத்திரி பில்லு.

அதே 35 வயசு ஆள், மாசம் 20,000 சம்பளம்னு தீர்ப்பாயத்துல நிரூபிச்சா எப்படி வருதுன்னு பாருங்க. வருசத்துக்கு 2,40,000, உச்ச நீதிமன்றத்தோட சரளா வர்மா தீர்ப்புப்படி அந்த வயசுக்கு பெருக்கு எண் (வருச வருமானத்தை எத்தனையால பெருக்கணும்ங்கறது) 16, அது 38,40,000. அதோட எதிர்கால சம்பள உயர்வுன்னு 40 சதவீதம் சேக்கணும், 2017 பிரணய் சேத்தி தீர்ப்புல வந்தது அது, ஊனமான கேஸுக்கும் உண்டுன்னு 2020-ல ஒரு தீர்ப்பு தெளிவு பண்ணிடுச்சு. ஆக 53,76,000. இது நூறு சதவீத வருமான இழப்புன்னா. எழுபதுதான்னு போட்டாக்கூட 37,63,200. வலி வேதனைக்கு, கூட இருந்து பாத்துக்கிட்டவங்களுக்கு, வைத்தியத்துக்கு எல்லாம் தனி.

சதவீதம்னு வரும்போது ஒண்ணு கவனிங்க. மெடிக்கல் போர்டு தர்ற சதவீதம் உடம்புக்கு, தீர்ப்பாயம் பாக்க வேண்டியது பிழைப்புக்கு. 2010 ராஜ்குமார் தீர்ப்புல இதை அழகா சொல்லியிருக்காங்க, இடது கை போன டிரைவருக்கோ தச்சருக்கோ கிட்டத்தட்ட மொத்த வருமானமும் போயிடும், அதே கை போன அரசாங்க கிளார்க்குக்கு வேலையே போகாம இருக்கலாம்னு. தம்பிக்கு நூறு போடல, ஆனா போர்டு சொன்னதை விட நல்லாவே ஏத்திப் போட்டாங்க. லைசென்ஸ், ஓனர் கொடுத்த சம்பள சாட்சி எல்லாம் அதுக்கு உதவுச்சு. நாங்க ஓனர் மேல கேஸ் போடாம எதிர் வண்டி இன்சூரன்ஸ் மேல போட்டதால அவரும் சங்கடமில்லாம வந்து சாட்சி சொன்னாரு. இது சின்ன விசயம் இல்லீங்க, அவரு வண்டியிலதான் அத்தனை வருசம் சோறு சாப்பிட்டோம்.

லோக் அதாலத், அதாவது ரெண்டு தரப்பும் பேசி சமரசமா முடிச்சுக்கற மக்கள் நீதிமன்றம், அதைப் பத்தி குறைவாத்தான் சொல்லுவேன். சீக்கிரம் முடியும், கோர்ட் ஃபீஸ் கட்டியிருந்தா திரும்ப வரும், அப்பீல் கிடையாது. கை விரல், எலும்பு முறிவு மாதிரி கேஸுக்கு நல்ல இடம்தான். எங்களையும் கூப்பிட்டாங்க. பேசின தொகையில செயற்கைக் கால்னு ஒரே ஒரு கால் விலைதான் இருந்துச்சு.

அங்கதான் எங்களுக்கு முடிவு தெளிவாச்சு. கால் வாங்கறது ஒரு தடவை செலவு இல்ல, லாரிக்கு டயர் மாதிரி, ஓட ஓட மாத்திட்டே இருக்கணும். முதல் வருசத்துல வெட்டின இடம் சுருங்கிட்டே வரும், அதனால முதல்ல செஞ்ச சாக்கெட் (வெட்டின காலை உள்ள நுழைக்கற கிண்ணம்) லூசாயிடும், ரெண்டு மூணு சாக்ஸ் சேத்துப் போட்டு சமாளிப்பான், அப்புறம் அதுவும் பத்தாம புது சாக்கெட். உள்ள போடற சிலிக்கோன் லைனர் (உறை) கிழிஞ்சு போகும். எங்க ஊரு வெயில்ல உள்ள வேர்த்து புண்ணாயிடும், புண்ணு ஆறுற வரைக்கும் காலைக் கழட்டி வச்சுட்டு ஊன்றுகோல் கட்டையிலதான் நடக்கணும், அன்னிக்கு வேலையும் போச்சு. பாதம் தேயும். இத்தனையும் ஒரு மனுசனோட மிச்ச ஆயுசு முழுக்க.

2022 டிசம்பர்ல முகமது சபீர்னு ஒரு தீர்ப்பு வந்துச்சு, கால் போன 37 வயசுக்காரரோட கேஸ். ஒரு கால் 2,60,000, அஞ்சாறு வருசம்தான் வரும், ரிப்பேர் ஒவ்வொரு தடவையும் 15,000-ல இருந்து 20,000 ஆகும்னு உச்ச நீதிமன்றமே கணக்குப் போட்டு, மூணு காலுக்கு 7,80,000, பராமரிப்புக்கு தனியா 5,00,000 கொடுத்துச்சு. இப்ப அந்த விலையையே வச்சு 35 வயசு ஆளுக்கு முப்பது வருசம் பாருங்க, அஞ்சு கால்னாலே 13 லட்சம். தொழிலாளர் இழப்பீட்டு அட்டவணைப்படி வர்ற 8,86,770 அந்தக் காலுங்களுக்கே பத்தாது, அப்புறம் சோத்துக்கு? அந்தச் சட்டத்துல வருங்காலத்துல வாங்கப் போற காலுக்குன்னு தனித் தலைப்பே கிடையாது. தீர்ப்பாயத்துல இருக்கு, கேட்டா கிடைக்கும், கேக்கணும்.

எதிர்த்தரப்பு வக்கீல், கவர்மென்ட்லதான் இலவசமா தர்றாங்களேன்னு கேட்டாரு. தர்றாங்க, சென்னை கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கு, ஜெய்ப்பூர் கால் முகாம் இருக்கு, அதைப் போட்டுக்கிட்டு காட்டு வேலை செய்யறவங்களை நானே பாத்திருக்கேன், அவங்களை குறைச்சு சொல்ல மாட்டேன். ஆனா அடிச்சவனோட இன்சூரன்ஸ் கட்ட வேண்டியதை எதுக்கு தர்மத்துல வாங்கணும்? எங்க வக்கீலும் இதையேதான் சட்ட பாஷையில சொன்னாரு. கால் செய்யற சென்டர்ல கொட்டேஷன் வாங்கினதோட நிறுத்தாம, அங்க வேலை பாக்கறவரையே சாட்சியா கூப்பிட்டு, எத்தனை வருசம் வரும், லைனர் எப்ப மாத்தணும்னு சொல்ல வச்சோம். பேப்பர் மட்டும் கொடுத்தா ஒரு காலோட நின்னிருக்கும்.

எம்.சி.ஓ.பி-ல கஷ்டமும் உண்டு, மறைக்க மாட்டேன். இழுக்கும். தீர்ப்பு வந்தப்புறமும் இன்சூரன்ஸ்காரங்க ஹைகோர்ட்டுக்கு சி.எம்.ஏ, அதாவது மேல்முறையீடு, போடலாம். அது வரைக்கும் வீடு ஓடணும், எங்களுக்கு நான் சம்பாதிச்சிட்டு இருந்ததால ஓடுச்சு, ஒத்தை சம்பளக் குடும்பம்னா லோக் அதாலத்துக்கு தலையாட்டறதை தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வராது. அப்புறம் தப்பு முழுக்க அடிபட்ட டிரைவர் மேலயேன்னா மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவுல போடற மனு நிக்காது, பாதி தப்புன்னா பாதி கழிப்பாங்க, அந்த மாதிரி கேஸுக்கு தொழிலாளர் இழப்பீடுதான் நல்லது, யோசிக்கவே வேண்டாம். 2025 நவம்பர் 21-ல இருந்து 1923 சட்டத்துக்குப் பதிலா சமூகப் பாதுகாப்பு சட்டத்தொகுப்பு வந்திருக்கு, தம்பி கேஸ் அதுக்கு முந்தினது, புதுசுல நடந்த கேஸ் எதையும் நான் கிட்ட இருந்து பாக்கல. இ.எஸ்.ஐ இருக்கற ஃபேக்டரி ஆளுங்களுக்கும் கணக்கு வேற, அங்க மாசாமாசம் பென்சன் மாதிரி வரும், காலும் தருவாங்க.

நாள் விசயத்துல ரொம்ப ஜாக்கிரதையா இருங்க. 2022 ஏப்ரல் 1-க்கு அப்புறம் நடந்த விபத்துக்கு ஆறு மாசத்துல மனு போடணும்னு சட்டம். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துல வழக்கு இருக்கு, அதை நம்பி உக்காந்துடாதீங்க. கால் போனவன் ஆஸ்பத்திரியிலயே மாசக்கணக்கா கிடப்பான், அதனால வீட்டுல ஒருத்தர் எஃப்.ஐ.ஆர், ஏ.ஆர் காப்பி (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேடு), எம்.வி.ஐ ரிப்போர்ட் (மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை), டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாத்தையும் சேத்துட்டே வரணும். விபத்து எங்க நடந்திருந்தாலும் உங்க ஊரு தீர்ப்பாயத்துலயே போடலாம், ஆந்திரா வரைக்கும் அலைய வேண்டாம். வர்றதுல இத்தனை பர்சன்ட்னு பேசற வக்கீலுக்கு சரின்னு சொல்லாதீங்க, பார் கவுன்சில் விதியே அதுக்கு இடம் கொடுக்கல. காசில்லன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, மாற்றுத்திறனாளிக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காமயே இலவச வக்கீல் தரணும்னு 1987 சட்டத்துல இருக்கு.

காசு வந்தப்புறம் பெரும்பகுதியை தீர்ப்பாயம் பேங்க்ல டெபாசிட் போட்டுடும். கால் மாத்தற நேரம் வந்தா புது கொட்டேஷனோட மனு போட்டு, அந்த அளவுக்கு முன்னாடியே எடுத்துக்க அனுமதி கேக்கலாம். தம்பி இப்ப ரெண்டாவது சாக்கெட்டுக்கு அப்படித்தான் கேட்டிருக்கான்.