எல்எம்3886 ஸ்டீரியோ கிட்: மலைக் கரண்டில் எப்படி ஓடுகிறது?

கம்பெனிப் பெயர் அச்சிடாத பச்சை போர்டு, ஜிப் கவரில் உதிரி பாகங்கள், ஒரு தாளில் சர்க்யூட் படம். எல்எம்3886 என்ற ஆம்ப்ளிஃபயர் ஐசி இரண்டு போட்ட, நாமே சால்டர் வைத்துச் செய்யும் இந்த ஸ்டீரியோ ஆம்ப் கிட், சின்னச் சின்ன மாற்றங்களோடு ஆன்லைனிலும் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் கிடைக்கிறது. குன்னூர் பக்கம், தேயிலை ஃபாக்டரிக்கு அருகே உள்ள ஒரு வீட்டு லைனில் ஓட்டிப் பார்த்து எழுதிய ரிவ்யூ இது. தாராளமாக வாங்கலாம். ஆனால் தாளில் உள்ளபடியே சால்டர் வைத்து ஆன் செய்துவிட வேண்டாம். சில ரெசிஸ்டர், சில கண்டென்சர், ஒரு பிளேடு வெட்டு, கொஞ்சம் செம்புக் கம்பி. இவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் காதுக்கு அது பெரிய வித்தியாசம்.

ஐசியின் மேல் எந்தக் குறையும் இல்லை. ±28 வோல்ட் கொடுத்தால் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 38 வாட், 4 ஓமுக்கு 68 வாட். 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை டிஸ்டார்ஷன் 0.03 சதவீதம் என்று டேட்டாஷீட் சொல்கிறது. சப்ளையில் வரும் ரிப்பிளை (வோல்ட்டேஜின் சிறு ஏற்ற இறக்கத்தை) நூறு டெசிபலுக்கு மேல் அமுக்கிவிடும். அதனால் இந்த ஆம்பில் "கொர்ர்ர்" என்று 100 ஹெர்ட்ஸ் ஹம் கேட்டால், ஃபில்டர் கண்டென்சர் போதவில்லை என்று நினைத்து 10,000 மைக்ரோஃபாரட்டாக வாங்கி அடுக்காதீர்கள். கண்டென்சர் பெரிதானால் அது சார்ஜ் ஆகும் கரண்ட் இன்னும் குறுகலாக, இன்னும் உயரமாகத் துடிக்கும். ஹம் சில சமயம் கூடவே செய்யும். ஹம் உள்ளே நுழைகிற வாசல் சப்ளை அல்ல, கிரவுண்டு.

இந்த போர்டில் அந்த வாசல் திறந்தே கிடக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரின் நடு ஒயர் வந்து சேரும் டெர்மினலுக்கும் ஃபில்டர் கண்டென்சர்களுக்கும் நடுவே ஓடும் செம்புப் பாதையில்தான் இன்புட் கிரவுண்டையும் தொட்டுவிட்டிருக்கிறார்கள். அந்தப் பாதை சுமார் 5 மி.மீ. அகலம், 2 செ.மீ. நீளம். வழக்கமான 35 மைக்ரான் செம்பில் அதன் தடை 2 மில்லி ஓம். ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். ஆனால் கண்டென்சர் நொடிக்கு 100 முறை துடிப்பாகச் சார்ஜ் ஆகிறது. பாட்டே ஓடாதபோதும் அந்தத் துடிப்பு அரை ஆம்பியரைத் தொடும். அரை ஆம்பியர் 2 மில்லி ஓமில் 1 மில்லிவோல்ட். இந்த ஆம்பின் கெயின், அதாவது பெருக்கம், 21. அதனால் அது இன்புட்டோடு சேர்ந்து 21 மடங்காகி ஸ்பீக்கரில் 21 மில்லிவோல்ட்டாக வெளியே வருகிறது. இரவு பத்து மணிக்கு மேல் மலை வீடு இருக்கும் அமைதியில் இது தெளிவாகக் கேட்கும். வால்யூமை ஏற்றினால் துடிப்பு 10 ஆம்பியர் வரை போகும். அப்போது அது ஹம்மாகத் தனியே தெரியாது. பாட்டோடு கலந்து டிஸ்டார்ஷனாகிவிடும். "சத்தம் வைத்தால் கரடுமுரடாக இருக்கிறது" என்ற புகாரில் பாதி இதுதான்.

மாற்றுவது எளிது. போர்டைத் திருப்பி, இன்புட் பக்கத்துக் கிரவுண்டும் கண்டென்சர் பக்கத்துக் கிரவுண்டும் சேரும் இடத்தில் பிளேடால் 2 மி.மீ. அகலத்துக்குச் செம்பைச் சுரண்டி எடுங்கள். வெட்டின் குறுக்கே சேனலுக்கு ஒன்றாக 10 ஓம், கால் வாட் ரெசிஸ்டர் வையுங்கள். ஆர்சிஏ சாக்கெட்டின் (இன்புட் ஒயர் செருகும் இடம்) கிரவுண்டு, வால்யூம் கண்ட்ரோலின் கிரவுண்டு, ஐசியின் இன்புட்டான 10-ஆம் பின்னிலிருந்து வரும் 22 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர், ஃபீட்பேக்கில் உள்ள 22 மைக்ரோஃபாரட்டின் கீழ்முனை ஆகிய நான்கும் சுத்தமான பக்கம். ஸ்பீக்கர் ரிட்டர்ன், ஐசி அருகிலுள்ள 100 மைக்ரோஃபாரட்டுகள், மியூட் கண்டென்சர் எல்லாம் மறுபக்கம். ஸ்பீக்கர் ரிட்டர்னை டிரான்ஸ்ஃபார்மர் டெர்மினலில் கொடுக்காமல், இரண்டு ஃபில்டர் கண்டென்சரும் சந்திக்கும் புள்ளியிலேயே கொடுங்கள். பிளஸ், மைனஸ், கிரவுண்டு ஒயர் மூன்றையும் ஜடை போல முறுக்கி, இன்புட் ஒயரிலிருந்து விலக்கி ஓட்டுங்கள். இந்த ஐசி போன்ற ஏபி கிளாஸ் ஆம்பில் பிளஸ் ஒயரில் மேல் பாதியும் மைனஸ் ஒயரில் கீழ்ப் பாதியுமாகத்தான் கரண்ட் ஓடும். முறுக்காமல் விட்டால் அந்த அரை அலைகளின் காந்தப்புலம் இன்புட்டில் தொற்றும். டிஸ்டார்ஷன் ஏன் வருகிறது என்று ஐசியை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் பல நேரம் இந்த ஒயரைப் பார்ப்பதே இல்லை.

அடுத்தது, மலையில் மட்டும் வெளியே தெரியக்கூடிய குறை. மாலையில் பாட்டு மங்கி, குரல் கம்மி, பிறகு தானாகச் சரியாகிவிடும். கேட்பவர் ஸ்பீக்கரைச் சந்தேகிப்பார். விஷயம் 8-ஆம் பின்னில் இருக்கிறது. அது மியூட் பின். அதிலிருந்து மைனஸ் சப்ளைக்குக் குறைந்தது 0.5 மில்லி ஆம்பியர் இழுத்தால்தான் ஐசி முழுதாகத் திறக்கும். கிட்டில் அதற்கு 47 கே தந்திருக்கிறார்கள். மைனஸ் 28 வோல்ட்டில், பின்னில் விழும் 2.6 வோல்ட்டைக் கழித்தால் 25.4 வோல்ட், அதாவது 0.54 மில்லி ஆம்பியர். தாளில் கணக்கு சரிதான். ஆனால் எஸ்டேட் லைன் நீளம். ஃபாக்டரியில் தேயிலையை வாட்டும் தொட்டியின் ஃபேன்களும் ரோலர் மோட்டார்களும் ஏறும் நேரத்தில் வீட்டுக் கரண்ட் 190-க்கு இறங்கினால் சப்ளை 23 வோல்ட்டாகிவிடும். இப்போது 0.43 மில்லி ஆம்பியர்தான் போகும். ஐசி பாதி மியூட்டில் நிற்கும்.

இன்வெர்ட்டரில் இது இன்னும் மோசம். சாதாரண கரண்ட் 230 வோல்ட் என்றால் அதன் உச்சி 325. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் 230 கொடுத்தாலும் உச்சியும் அதே 230தான். கண்டென்சர் சார்ஜ் ஆவது உச்சிக்கு. அதனால் 20-0-20 டிரான்ஸ்ஃபார்மரில் 28 வோல்ட் வரவேண்டிய சப்ளை 19-இல் நின்றுவிடும். மழைக்காலத்தில் மரம் விழுந்து மணிக்கணக்கில் இன்வெர்ட்டரில் ஓடும் வீட்டுக்கு இது அன்றாடக் கதை. இரண்டு ஐசியிலும் 47 கேயை எடுத்துவிட்டு 22 கே போடுங்கள். 19 வோல்ட்டிலும் 0.74 மில்லி ஆம்பியர் போகும். செலவு பெரிதாக ஒன்றும் ஆகாது. இந்தக் கிட்டில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்றால் அது இதுதான்.

இன்புட்டில் 1 மைக்ரோஃபாரட் செராமிக் தந்திருப்பது சிக்கனம், ஆனால் தப்பான இடத்தில் சிக்கனம். அந்த அளவில் குட்டியாக வரும் செராமிக்கின் கொள்ளளவு, அதன்மேல் விழும் வோல்ட்டேஜுக்கு ஏற்ப மாறும். நடு ஸ்வரங்களில் பாதிப்பு தெரியாது. 20 ஹெர்ட்ஸில் 1 மைக்ரோஃபாரட் சுமார் 8,000 ஓம். எதிரே 22 கே இருப்பதால் சிக்னலில் மூன்றில் ஒரு பங்கு கண்டென்சர் மேலேயே விழுகிறது. தவில், மிருதங்கத்தின் தொப்பி, பேஸ் கிட்டார் எல்லாம் அங்கேதான் அழுக்காகின்றன. விரலால் தட்டினால் ஸ்பீக்கரில் "டிங்" என்று கேட்கிற செராமிக்குகளும் உண்டு. அதே 1 மைக்ரோஃபாரட்டை பாலியெஸ்டர் அல்லது பாலிப்ராப்பிலீனில் வாங்குங்கள். கால் இடைவெளி ஒத்துவராவிட்டால் காலை வளைத்துப் படுக்க வைக்கலாம், இடம் இருக்கிறது.

கூடவே வரும் 50 கே வால்யூம் கண்ட்ரோலையும் 10 கேக்கு மாற்றுவது நல்லது. மோசமான இடத்தில் நிற்கும்போது கண்ட்ரோல் தன் மதிப்பில் கால் பங்கு ரெசிஸ்டராக நடந்துகொள்ளும். 50 கேயில் அது 12.5 கே. அதன் வெப்ப இரைச்சல் மட்டும் 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் 2 மைக்ரோவோல்ட், ஐசியின் சொந்த இரைச்சலுக்குச் சமம். 10 கேயில் 0.9 ஆகிவிடும். ஃபோன், டிவி, டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஆடியோ சிக்னலாக்கும் பெட்டி) எதுவும் 10 கேயைத் தாராளமாக ஓட்டும்.

ஃபீட்பேக்கில் கிட் செய்தவர்கள் சரியாகச் செய்திருக்கிறார்கள், அதைப் பாராட்ட வேண்டும். 20 கே, 1 கே, இரண்டும் ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம். கெயின் 21. இந்த ஐசிக்குக் கெயின் 10-க்குக் கீழே போனால் ஆஸிலேட் ஆகும் (சிக்னல் இல்லாமலே தானாக அதிரும்), அதனால் "இரைச்சலைக் குறைக்கிறேன்" என்று 20 கேயை 6.8 கே ஆக்கிவிடாதீர்கள். ஃபீட்பேக்கையும் அவுட்புட்டான 3-ஆம் பின்னின் அடியிலேயே எடுத்திருக்கிறார்கள்.

ஆனால் ஐசியின் சப்ளையை நிலையாக வைக்கும் 0.1 மைக்ரோஃபாரட் டீகப்ளிங் கண்டென்சர் ஐசியிலிருந்து 4 செ.மீ. தள்ளி உட்கார்ந்திருக்கிறது. இருந்தும் பயனில்லை. ஐசிக்கு இரண்டாகப் புதிதாக வாங்கி, போர்டின் அடியில், 1-ஆம் பின்னுக்கும் (பிளஸ் சப்ளை) கிரவுண்டுக்கும், 4-ஆம் பின்னுக்கும் (மைனஸ் சப்ளை) கிரவுண்டுக்கும் நேராகச் சால்டர் வையுங்கள், கால் 5 மி.மீ.க்கு மேல் வேண்டாம். இது சரியாக இருக்கிறதா என்று அறிய ஸ்கோப் இல்லாதவர்களுக்கு ஒரு வழி. சிக்னல் இல்லாதபோது ஒரு ஐசி சுமார் 50 மில்லி ஆம்பியர் இழுக்கும், இரண்டுக்கும் சேர்த்து 5.6 வாட் சூடு. ஹீட்சிங்க் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். பாட்டே இல்லாமல் கை வைக்க முடியாமல் சுட்டால் கண்ணுக்குத் தெரியாமல் ஆஸிலேட் ஆகிறது.

அவுட்புட் காயில் கிட்டில் கிடையாது. 20 மீட்டர் ஸ்பீக்கர் ஒயர் இழுப்பவருக்கு அது அவசியம். 1 மி.மீ. எனாமல் கம்பியை 10 மி.மீ. டிரில் பிட் மேல் 10 சுற்று நெருக்கமாகச் சுற்றினால் 0.7 மைக்ரோஹென்ரி கிடைக்கும். உள்ளே 10 ஓம், 2 வாட் ரெசிஸ்டரை நுழைத்து இரண்டு முனையையும் சேர்த்துச் சால்டர் வைத்தால் தீர்ந்தது. ஃபோன் அருகே வரும்போது "டட்-டட்-டட்" என்று கேட்டால் அது 2ஜியின் 217 ஹெர்ட்ஸ் துடிப்பு. இன்புட்டில் உள்ள 220 பிகோஃபாரட்டை 470 ஆக்கி, 10-ஆம் பின்னுக்குப் பக்கத்திலேயே வைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

டிரான்ஸ்ஃபார்மர் கிட்டில் வராது. 20-0-20, 4 ஆம்பியர் வாங்குங்கள். கடையில் 24-0-24 கையிருப்பில் இருக்கிறது என்று தருவார்கள், வேண்டாம். நள்ளிரவில் லோடு இறங்கி லைன் 260-க்கு ஏறினால் அந்த டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு சப்ளையும் சேர்ந்து ஐசியின் வரம்பான 84 வோல்ட்டை நெருங்கும். பிரைமரிக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கண்டென்சர் (வீட்டுக் கரண்ட் லைனுக்கென்றே செய்த வகை) போட்டால் ஸ்டெபிலைசர் ரிலே மாறும்போது ஸ்பீக்கரில் விழும் "டக்" குறையும். எக்ஸ்2 என்று அச்சிட்டதே வேண்டும், சாதாரண 400 வோல்ட் கண்டென்சர் அங்கே கூடாது. ஹம் போகிறது என்று மூன்று பின் பிளக்கின் எர்த்தைக் கழற்றுகிறவர்கள் உண்டு. பெட்டி இரும்பு, தரை ஈரம், ஊர் நீலகிரி. எர்த் பெட்டியில் இருந்தே ஆக வேண்டும். ஹம்மை 10 ஓம் பார்த்துக்கொள்ளும்.

டோராய்டு (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் போட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஹேர் டிரையரைப் பாதி வேகத்தில் ஓட்டும்போது ஸ்பீக்கர் அல்லாமல் டிரான்ஸ்ஃபார்மரே உறுமினால், அந்த டிரையர் டையோடு வழியாக அரை அலையை மட்டும் இழுத்து லைனில் கொஞ்சம் டிசியைக் கிளப்புகிறது. டோராய்டு அதைத் தாங்காது. இஐ கோர் (தகடு அடுக்கிய, சதுரமான வழக்கமான வகை) பெரும்பாலும் கண்டுகொள்ளாது. மலை வீட்டுக்கு நல்ல இஐயே போதும் என்பது எங்கள் கருத்து. அதை இன்புட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, பொருத்தும் முன் திருப்பித் திருப்பி ஹம் குறைவாக உள்ள கோணத்தைப் பிடியுங்கள்.

சூடு பற்றி அதிகக் கவலை வேண்டாம். 8 ஓமில் ஒரு ஐசி அதிகபட்சம் 23 வாட் வரை சுடும். ஊட்டி உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் ஹீட்சிங்க் சமவெளியைவிடப் பத்தில் ஒரு பங்கு வரை மந்தமாகவே ஆறும், குளிர் அதை ஈடுகட்டிவிடும். கிட்டோடு வரும் குட்டி அலுமினியத் துண்டு மட்டும் உதவாது. இரண்டுக்கும் சேர்த்து வாட்டுக்கு 0.8 டிகிரி அளவில் ஒன்று வாங்குங்கள். ஐசி டிஎஃப் வகை, முதுகு பிளாஸ்டிக், இடையில் மைக்கா தாள் தேவையில்லை, பேஸ்ட் மட்டும் போதும். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் சூடு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அதற்குத் தனிக் கணக்கு.

மூடுபனிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். சால்டர் வைத்தபின் ஒட்டியிருக்கும் ஃபிளக்ஸ் ஈரத்தை இழுத்துப் பச்சை பூக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷும் வைத்துத் தேய்த்து, உலரவிட்டு, பிசிபி லாக்கர் ஒரு பூச்சு அடியுங்கள். வால்யூம் கண்ட்ரோல், சாக்கெட் மேல் லாக்கர் படக்கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் ஆம்பை ஆஃப் செய்யாமல் வால்யூமைக் குறைத்து விட்டுவிடலாம். அந்த 5.6 வாட் சூடே பெட்டிக்குள் ஈரம் சேரவிடாது. இடி மின்னல் இருந்தால் மட்டும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

முதல் ஆன் எப்போதும் 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுத்தான். பல்பு ஒரு கணம் எரிந்து மங்க வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் உடனே ஆஃப் செய்து கண்டென்சர் முனைகளைப் பாருங்கள், போர்டில் ஒரு பக்கம் பிளஸ் குறி துளையோடு மறைந்திருக்கிறது. மங்கினால் ஸ்பீக்கர் மாட்டாமல் அவுட்புட்டில் டிசி பாருங்கள், 20 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பிறகு இன்புட்டை ஷார்ட் செய்து ஏசி மில்லிவோல்ட்டில் பாருங்கள். நல்ல மீட்டரில் 1 மில்லிவோல்ட்டுக்குக் கீழே வந்தால் கிரவுண்டு வேலை சரி. வரவில்லையென்றால் பிளேடால் வெட்டிய இடத்தில் செம்பு இழை ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

கிட் ஆர்டர் போடும்போதே 22 கே இரண்டு, 10 ஓம் கால் வாட் இரண்டு, 10 ஓம் 2 வாட் இரண்டு, 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் இரண்டு, 0.1 நான்கு, 470 பிகோ இரண்டு, எக்ஸ்2 ஒன்று, 10 கே ஸ்டீரியோ லாக் (லாகரிதமிக்) வால்யூம் கண்ட்ரோல் ஒன்று, 1 மி.மீ. கம்பி ஒரு மீட்டர் எல்லாவற்றையும் சேர்த்தே வரவழைத்துவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட்சிங்கும் கனம், கூரியர் செலவு கூடும். யாராவது கோயம்புத்தூர் போய்வரும்போது சொல்லிவிட்டால் காரில் வந்து சேரும்.